வக்பு என்னும் சொல்லும் அதன் ஆங்கில வழக்கும்

சொற்கள் மொழிவிட்டு மொழி செல்லும்போது பொருளிற் சிறிது தேய்வதும் சிறிது திரிவதும் இயல்பே. பொதுவழக்கிற் பயிலும் சொல்லாயின் அத்தேய்வினால் எவருக்கும் பெருந்தீங்கு விளைவதில்லை. ஆட்சியின் மொழியாகவும் சட்டத்தின் மொழியாகவும் நெடுங்காலம் விளங்கிய ஆங்கிலத்திற் புகுந்த சமயச் சொற்களின் நிலை வேறு. அங்கு ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளன் கொடுக்கும் பொருள், பின்னர் நீதிமன்றத்திலே ஒரு காணியின் எல்லையாகிவிடுகின்றது. ‘வக்பு’ என்னும் அறபுச் சொல் இதற்குத் தக்கதொரு சான்றாகும்.

கிண்ணியா, மூதூர், தோப்பூர், புல்மோட்டை முதலாய திருகோணமலை மாவட்டத்து முஸ்லிம் ஊர்களில் இச்சொல் இரண்டு இடங்களிற் பயில்கின்றது. குர்ஆன் மதரசாவில் ஓதப் பழகும் சிறுவன், வசனத்தின் இடையே எங்கு நிறுத்தவேண்டும், எங்கு நிறுத்தலாகாது என்பதைக் காட்டும் குறிகளை வக்புக் குறிகள் என்று கற்கின்றான். அவனுடைய பாட்டனார் பள்ளிவாசலுக்கு விட்ட வயலும் வக்பு என்றே சொல்லப்படுகின்றது. இவை ஒலியால் மட்டும் ஒத்த இருவேறு சொற்கள் அல்ல, ஒரு சொல்லே. நிற்றல், நிறுத்துதல் என்பன அதன் வேர்ப்பொருள். ஹஜ்ஜுக் காலத்தில் அறபா வெளியிலே தரித்து நிற்பதை ‘வுகூப்’ என்று வழங்குவதும் இவ்வேர் பற்றியே. ஆங்கில வழியாக இச்சொல்லை அறிபவனுக்கு இத்தொடர்பு புலனாவதில்லை. ‘சரிற்றபிள் ட்றஸ்ட்’ என்பதே அவனுக்குக் கிடைக்கும் பொருள். நிறுத்துதல் என்ற செயல் நம்பிக்கை என்ற உறவாக எவ்வாறு மாறிற்று என்பதும், மாறிய அப்பொருள் தமிழுக்கு எவ்வாறு திரும்பி வந்தது என்பதும் ஆராயத்தக்கன.

நிறுத்தப்படுவது யாது என்ற வினாவுக்கு விடையாக அமைவது, கைபரில் உமர் அவர்களுக்குக் கிடைத்த நிலம் பற்றி ஹதீஸ் தொகுப்புகள் கூறும் செய்தியாகும். அந்நிலத்தை யாது செய்யலாம் என்று அவர் நபிகளாரிடம் வினவ, மூலத்தைத் தடுத்துவைத்து விளைவைத் தருமமாக்கும் வழி அவருக்குக் காட்டப்பட்டது. அதன்பின் அந்நிலம் விற்பனைக்கும் அன்பளிப்புக்கும் வாரிசுப் பங்கீட்டுக்கும் அப்பாற்பட்டதாயிற்று. அதன் விளைவு வறியோருக்கும் உறவினருக்கும் அடிமைகளை மீட்பதற்கும் வழிப்போக்கருக்கும் விருந்தினருக்கும் உரியதாயிற்று. நிலத்தைப் பார்த்துக்கொள்பவர் அளவோடு அதிலிருந்து உண்ணலாம். அதைக்கொண்டு பொருள் சேர்க்கலாகாது. இப்பட்டியலிலே வறியோரும் உறவினரும் ஒரே வரிசையில் நிற்பது ஊன்றி நோக்கற்பாலது. பின்னாளில் ஆங்கில நீதிபதிகளுக்குப் பெருந்தடையாக அமைந்தது இவ்வரிசையே.

குர்ஆனிலே இச்சொல் இப்பொருளில் வருவதில்லை. ஹதீஸை அடியொற்றிச் சட்ட அறிஞர்கள் வளர்த்த கலைச்சொல் இது. நிறுத்தப்பட்ட நிலத்தின் உடைமை எவரிடம் உள்ளது என்பதில் அவர்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் மேலோங்கிய கருத்துப்படி, அவ்வுடைமை மனிதர் கையைவிட்டு நீங்கி இறைவனைச் சாரும். ஆகவே வக்பு என்ற சொல்லுக்குள்ளே உடைமையாளன் என்றொரு மனிதனுக்கு இடமே இல்லை. விட்டவன் இருக்கின்றான், பயன் பெறுவோர் இருக்கின்றனர், பராமரிப்பவர் இருக்கின்றார். உடையவன் என்ற ஆசனம் வெறுமையாக இருக்கின்றது.

இச்சொல்லை ஆங்கிலம் கற்றுக்கொள்வதற்கு முன்னர், இதனையொத்த செயலை ஆங்கிலம் எவ்வாறு எழுதிற்று என்பதைக் காண்பதற்குத் திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த கொட்டியாரக் குடாவிலிருந்து தொடங்கிய ஒரு நூல் உதவுகின்றது. மசூலிப்பட்டினத்தில் 1659இல் வீசிய புயலினாற் சேதமுற்ற ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல், பாய்மரத்தைச் செப்பனிடும்பொருட்டு இக்குடாவை வந்தடைந்தது. 1660 ஏப்ரலில் அதன் தலைவரும் மாலுமிகள் சிலரும் கண்டி மன்னனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். தலைவரின் மகன் றொபேட் நொக்ஸ் பத்தொன்பது ஆண்டுகள் கண்டி நாட்டிலே தடுத்துவைக்கப்பட்டு, 1679இல் அரிப்புக் கோட்டை வழியாகத் தப்பினார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய நூல் இலங்கை பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பழைய நூல்களுள் முதன்மையானது. மூதூரின் அயலிலே ‘வெள்ளைக்காரன் மரம்’ என்று வழங்கும் இடத்திலுள்ள நினைவுக்கல், அவர் பிடிக்கப்பட்டதை இன்றும் குறித்து நிற்கின்றது.

சிங்கள மக்களின் ஈகையைப் பற்றி எழுதுமிடத்து நொக்ஸ், சோனக யாசகரைப் பற்றி ஒரு பந்தி எழுதுகின்றார். கண்டியில் அவர்களுக்கொரு கோயில் இருந்ததாம். காணியாளர் ஒவ்வொருவரும் அதற்கு ஒரு பணம் கொடுக்கவேண்டும் என்பது முன்னைய மன்னனொருவன் கொடுத்த சலுகையாம். சோனகர் வீடுதோறும் சென்று அதனைப் பெற்றனர். வீடு பூட்டியிருந்தால் திறந்து, அப்பெறுமதிக்குரிய பொருளை எடுத்துக்கொள்ளும் அதிகாரமும் அவர்களுக்கு இருந்தது. தொலஸ்பாகை மக்கள் மட்டும் முதலிற் கேட்டு வந்தவரை அடித்துத் துரத்தியதனால் அவ்வரியிலிருந்து தப்பிக்கொண்டனர் என்று நொக்ஸ் சேர்த்துக்கொள்வதிலே ஒரு குறும்பும் தெரிகின்றது. இறுதியில் அவர் கூறுவதே ஈண்டு வேண்டப்படுவது. நல்லெண்ணமுடையோர் இச்சோனக யாத்திரிகருக்கு ஈகையாகப் பல நிலத்துண்டுகளைக் கொடுத்துள்ளனர் என்றும், அவர்கள் அங்கே வீடுகட்டி வாழ்கின்றனர் என்றும், அந்நிலம் தலைமுறை தலைமுறையாக என்றென்றைக்கும் அவர்களுடையதாகின்றது என்றும் அவர் எழுதுகின்றார்.

இப்பந்தியின் சொல்லாட்சி சிந்தனைக்குரியது. பள்ளிவாசலுக்குரிய ஆங்கிலச் சொல்லை நொக்ஸ் ஆளவில்லை. ‘ரெம்பிள்’ என்று, விகாரைக்கும் தேவாலயத்துக்கும் வழங்கிய பொதுச்சொல்லையே ஆளுகின்றார். பக்கீர் என்பது வரவேண்டிய இடங்களில் யாசகன், யாத்திரிகன் என்பன வருகின்றன. வக்பு என்ற சொல்லும் இல்லை. அதற்கீடான சட்டச் சொல்லும் இல்லை. எனினும், கொடுத்தவர், இருப்பவர், காலத்தின் எல்லையின்மை ஆகிய யாவும் அந்த எளிய வாக்கியத்தில் உள்ளன. சட்டம் பயிலாத ஒரு மாலுமியின் ஆங்கிலம், கண்டதைக் கண்டவாறு சொல்வதனாலேயே பொருளுக்கு அணுக்கமாகச் செல்கின்றது.

ஆயினும் இதனை வக்பு பற்றிய முதல் ஆங்கிலச் சான்று என்று கொண்டாடுதல் பொருந்தாது. கொடுத்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர். கொடை ஒரு நிறுவனத்துக்கன்றி மனிதருக்கும் அவர்தம் வழியினருக்குமே செல்கின்றது. மேலும், அந்நிலம் ‘அவர்களுடையதாகின்றது’ என்று எழுதும்போது நொக்ஸ் உடையவன் என்ற ஆசனத்திலே பயன்பெறுவோரை அமர்த்திவிடுகின்றார். ஆங்கில வாக்கிய அமைப்பிலே நிலம் எவருடையதாகவேனும் இருந்தே தீரவேண்டியிருக்கின்றது. நூறாண்டுகளுக்குப் பின் வந்த சட்டமொழியில் இப்பழக்கம் எத்துணை வலிமை பெற்றது என்பதற்கு நொக்ஸின் வாக்கியம் ஒரு முன்னறிவிப்பாகும்.

சொல்லே ஆங்கிலத்திற் புகுந்தது வங்காளத்தின் வழியாக. வாரன் ஹேஸ்டிங்ஸின் ஆதரவிலே ‘ஹிதாயா’ என்னும் ஹனபிச் சட்டநூலைச் சார்ள்ஸ் ஹமில்ற்றன் ஆங்கிலமாக்கினார். 1791இல் அது இலண்டனில் வெளியாயிற்று. அறபு மூலத்திலிருந்து நேராகவன்றிப் பாரசீக வடிவமொன்றின் துணைகொண்டு செய்யப்பட்ட அம்மொழிபெயர்ப்பிலே, வக்பு பற்றிய பகுதிக்கு ‘வக்பு அல்லது அப்புறோப்பிரியேசன்’ என்று பொருள்படத் தலைப்பிடப்பட்டது. இத்தேர்வு விசித்திரமானது. அவ்வாங்கிலச் சொல்லுக்கு ஒரு நோக்கத்துக்கென ஒதுக்கிவைத்தல் என்ற பொருளும் உண்டு. தனக்கு உரித்தாக்கிக்கொள்ளுதல் என்ற பொருளும் உண்டு. எவருக்கும் உரித்தாகாமல் நிறுத்துதலைக் குறிக்கும் சொல்லுக்கு, உரித்தாக்குதலைத் தன் வயிற்றிலே கொண்ட சொல் இணையாக வந்தமர்ந்தது. ஹமில்ற்றன் கருதியது முதற் பொருளையே என்பதில் ஐயமில்லை. அவரைப் பின்பற்றியோர் பலர் அச்சொல்லையே கையாண்டனர். நீதிமன்றங்களோ அதனைவிடத் தமக்குப் பழக்கமான வேறொரு சொல்லை விரும்பின.

அச்சொல் ‘ட்றஸ்ட்’. ஒருவனிடம் சட்டப்படியான உடைமையை ஒப்படைத்து, அதன் பயனை மற்றொருவனுக்குச் சேரவிடுதல் அதன் உள்ளமைப்பு. உடைமை இங்கு இரண்டாகப் பிளக்கப்படுகின்றதே தவிர மறைவதில்லை. இரண்டு ஆசனங்களிலும் மனிதர் அமர்ந்திருக்கின்றனர். முடிவின்றி நீளும் பொறுப்புகளை ஆங்கிலச் சட்டம் பொதுவாக வெறுத்தது. ‘சரிற்றி’ எனப்படும் தருமங்களுக்கு மட்டுமே விலக்களித்தது. எது சரிற்றி என்பதற்கு 1601ஆம் ஆண்டில் எலிசபெத்து அரசியின் காலத்தில் இயற்றப்பட்ட சட்டத்தின் முகவுரை அளவுகோலாயிற்று. வறுமை நீக்கம், கல்வி, சமயம், பொதுமக்களுக்கு நன்மை தரும் பிற நோக்கங்கள் என்று 1891இல் மக்னாற்றன் பிரபு அதனை வகுத்துரைத்தார். இவற்றுள்ளே உறவினர் இல்லை. நொக்ஸ் எழுதிய ‘சரிற்றி’, வாசலில் வந்து நிற்பவனுக்கு இடும் ஈகை. நீதிமன்றத்தின் ‘சரிற்றி’ ஒரு சட்ட வகுப்பு. எழுத்தால் ஒன்றாகிய இவ்விரு சொற்களையும் வேறுபடுத்தாமல் வக்புக்குப் பொருள் கூறியதன் விளைவு 1894இல் வெளிப்பட்டது.

அபுல் பதா முகம்மது இஸ்காக்கு வழக்கு எனப்படும் வங்காள வழக்கொன்றிலே, குடும்பத்தினருக்கும் வழித்தோன்றல்களுக்கும் பயன்செல்லவும், குலமே அற்றுப்போகும் காலத்தில் வறியோருக்குச் செல்லவும் விடப்பட்ட வக்பு செல்லாது என்று இங்கிலாந்தின் கோமறைக் கழகம் தீர்ப்பளித்தது. வறியோருக்கு ஒதுக்கிய பங்கு வெறுந்தோற்றமே என்பது அதன் கருத்து. இந்திய முஸ்லிம்களிடையே இதற்கு எழுந்த எதிர்ப்பின் பயனாக, முகம்மதலி ஜின்னா முன்னின்று கொணர்ந்த வக்பு செல்லுபடியாக்கற் சட்டம் 1913இல் நிறைவேறிற்று. உறவினனுக்குக் கொடுப்பதும் தருமமே என்னும் சமயப் பொருளை நீதிபதிகள் அறியாமற் போயினர் என்று கூறுவது எளிது, அது உண்மையுங்கூட. ஆனால் முழு உண்மையன்று. குடும்ப வக்புகள் பெண்மக்களின் வாரிசுப் பங்கைத் தவிர்ப்பதற்கும் கடன்கொடுத்தோரின் கையிலிருந்து நிலத்தைக் காப்பதற்கும் கருவியாக அமைந்ததும் உண்டு. எகிப்து 1952இல் அவ்வகை வக்புகளை ஒழித்துவிட்டது. ஒரு சொல்லின் பொருளை அந்நியர் திரித்தனர் என்பதனால் அச்சொல்லின் பெயரால் நிகழ்ந்தவையெல்லாம் நேர்மையானவை ஆகிவிடுவதில்லை.

சொல்லாராய்ச்சிக்கு இதனினும் சிறந்த வழக்கு 1921இல் வந்தது. வியப்பு யாதெனில், அது வக்பு பற்றிய வழக்கன்று. சென்னை மாகாணத்து இந்து மடமொன்றின் நிலம் பற்றியது. வித்யா வாருதி தீர்த்தருக்கும் பாலுசாமி ஐயருக்கும் இடையிலான அவ்வழக்கிலே தீர்ப்புரைத்தவர் சையத் அமீர் அலி. மடாதிபதியோ முத்தவல்லியோ ஆங்கிலச் சட்டம் கருதும் ‘ட்றஸ்ரி’ அல்லர் என்றும், வக்பு ஏற்பட்டவுடன் உடைமை இறைவனிடம் சேர்கின்றது என்றும், முத்தவல்லி வெறும் முகாமையாளரே என்றும் அவர் விளக்கினார். ஓர் இந்து மடத்தின் நிலத்தைப் பற்றி ஆராயும் வாயிலாக வக்பின் பொருள் ஆங்கிலத்தில் முதன்முறையாகத் திருத்தமாக எழுதப்பட்டது எனின் மிகையாகாது. இந்தியாவின் 1882ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புச் சட்டமும் வக்பை முன்னரே தன் எல்லைக்குப் புறம்பாக வைத்திருந்தது. ஆயினும் பொதுவழக்கில் ட்றஸ்ட் என்பதே நிலைத்தது. நீதிபதியின் திருத்தம் எழுதுவினைஞரின் மேசையைச் சென்றடையவில்லை.

இலங்கைக்கு வருமிடத்து, சட்டங்களின் தலைப்புகளே ஒரு வரலாற்றைக் கூறுகின்றன. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், முஸ்லிம்களின் இறுதிவிருப்பாவணமில்லா உரிமையையும் வக்புகளையும் பற்றியது. அதாவது, வக்பு அங்கே வாரிசுரிமையின் பக்கத்தில் வைக்கப்பட்டது. மரணத்தின்பின் பிரிக்கப்படுவதும், என்றுமே பிரிக்கப்படாதபடி நிறுத்தப்பட்டதும் அடுத்தடுத்து நின்றன. கைபர் நிலத்தின் கதைக்கு இது மிக அணுக்கமான வைப்புமுறை. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தின் தலைப்பிலோ முஸ்லிம் பள்ளிவாசல்களை அடுத்துத் தரும நம்பிக்கைப் பொறுப்புகள் ‘அல்லது’ வக்புகள் என்று வருகின்றது. இந்த ‘அல்லது’ என்னும் இடைச்சொல் செய்த வேலை பெரிது. இரண்டும் ஒன்றே என்று அது வாதிடவில்லை, வாதிடாமலே ஒன்றாக்கிவிடுகின்றது. ஹமில்ற்றனின் தலைப்பிலும் இதே இடைச்சொல்லே நின்றது. இச்சட்டம் பள்ளிவாசற் சொத்துகளைப் பதிவுசெய்வதற்கும் மேற்பார்வை செய்வதற்கும் வழிவகுத்து நன்மை செய்தது என்பது மறுக்கற்பாலதன்று. வக்பு சபையும் வக்பு நியாய சபையும் இன்று இத்துறையில் இயங்குகின்றன. குறை சட்டத்தின் நோக்கத்திலன்று. அதன் தலைப்பிலுள்ள சமன்பாட்டிலேயே.

அச்சமன்பாட்டின் விலை எத்தகையது என்பதற்கு 1961இல் கோமறைக் கழகம் தீர்த்த கபூர் வழக்கு எடுத்துக்காட்டு. கொழும்பு வணிகர் அப்துல் கபூர் 1942இல் எழுதிய ஆவணம் ட்றஸ்ட் என்ற பெயரிலேயே அமைந்தது. பிறநாடு சென்று கற்க விரும்பும் தகுதியுடைய முஸ்லிம் இளைஞருக்கு உதவ அது வகைசெய்தது. ஆனால், முதலுரிமை தம்முடைய குடும்ப வழியினருக்கு என்று வைத்தது. வரிவிலக்குக் கோரிய வழக்கிலே, இது குடும்பத்துக்கான ஏற்பாடே. சரிற்றி அன்று என்று ராட்கிளிப் பிரபு தீர்ப்புரைத்தார். ஆங்கிலச் சட்டத்தின்படி அத்தீர்ப்பு பிழையன்று. ஒரு முஸ்லிம் கொடையாளரின் உள்ளத்தில் உறவினரும் வறியோரும் ஒரே வரிசையில் நின்றதையும், அவர் கையிற் கிடைத்த ஆங்கிலச் சொல் அவ்வரிசையை ஏற்க மறுத்ததையும் அத்தீர்ப்பு ஒருங்கே காட்டுகின்றது.

எழுத்துக்கூட்டலைப் பற்றியும் ஒரு சொல். அறபில் இச்சொல்லின் பன்மை ‘அவ்காப்’. ஆங்கிலம் தன் பன்மை விகுதியை ஒட்டி ‘வக்ப்ஸ்’ என்று வழங்கிற்று. இந்தியா 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் ‘கே’ என்னும் எழுத்தை நீக்கிக் ‘கியூ’ என்னும் எழுத்தைச் சட்டத்தில் இட்டது. தமிழுக்கு இவ்வேறுபாட்டைக் காட்ட எழுத்தில்லை. காட்டாததனாற் குறைந்ததும் ஒன்றில்லை. எழுத்தைத் திருத்துவோர் பொருளைத் திருத்தியதாக எண்ணிக்கொள்வதே இடர்.

இனி, தமிழுக்கு இப்பொருள் திரும்பிய வகை. ‘ட்றஸ்ட்’ என்பதற்கு இலங்கையின் சட்டத் தமிழ் ‘நம்பிக்கைப் பொறுப்பு’ என்று சொல் வகுத்தது. அதிலிருந்து பள்ளிவாசல் நிருவாகிகள் ‘நம்பிக்கையாளர்’ ஆயினர். நம்பிக்கையாளர் சபை என்பது இன்று ஊர்தோறும் கேட்கும் சொல். முத்தவல்லி ஆங்கிலத்திலே ட்றஸ்ரியாகி, ட்றஸ்ரி தமிழிலே நம்பிக்கையாளராகி வந்துவிட்டார். கிழக்கிலங்கையின் அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் தாய்வழிக் குடிகள் தத்தம் சார்பாளராகப் பள்ளிவாசலுக்கு அனுப்பிய ‘மரைக்கார்’ என்பாரின் பெயரும் பணியும் இப்புதுச்சொல்லின் வரவோடு பின்னடைந்தன. நம்பிக்கையாளர் என்பது அழகிய சொல்லே. ஆனால் அது, நிலத்தை ஒருவர் நம்பி ஒருவரிடம் ஒப்படைத்த கதையையே சொல்கின்றது. சபையில் அமர்பவர் தம்மைச் சொத்தின் சட்டபூர்வ உரிமையாளர் என்று கருதுவதற்கு அச்சொல் இடமளிக்கின்றது. முகாமையாளர் என்ற சொல் அவ்விடத்தை அளிக்காது.

இதற்கு மாற்றாகப் பழந்தமிழ்ச் சொற்களை ஆளலாம் என்பாரும் உளராகலாம். அக்கருத்து ஒதுக்கத்தக்கதன்று. திருகோணமலைக்கு வடமேற்கே, பெரியகுளத்தை அடுத்துள்ள வெல்கம் விகாரையிலே 11ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர்பெற்ற அப்பௌத்தப் பள்ளிக்குத் தமிழர் விளக்குகளும் பசுக்களும் கொடுத்ததை அவை கூறுகின்றன. இன்று பள்ளிவாசலைக் குறிக்கும் பள்ளி என்ற சொல், இதே மாவட்டத்தில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பௌத்த நிறுவனமொன்றைக் குறித்து நின்றது. பள்ளிகளுக்கு விடப்பட்ட நிலம் பள்ளிச்சந்தம் எனப்பட்டது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருப்புல்லாணிப் பாண்டியர் கல்வெட்டொன்று, பவித்திரமாணிக்கப்பட்டினத்துச் சோனகர் பள்ளிக்கு நிலம் இறையிலியாக விடப்பட்டதைக் கூறும். விளக்கெரிக்கக் கொடுத்த ஆடுகளைச் சோழர் காலக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறிக்கும் வழக்கமும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஆடு சாகும், மூக்கும். ஆயின் கொடுத்த எண்ணிக்கை குறையலாகாது, நெய் மட்டுமே செலவாகவேண்டும். மூலத்தை நிறுத்தி விளைவை வழங்கும் கருத்துக்கு இதனினும் கூரிய தொடரைக் காண்டல் அரிது. ‘அப்புறோப்பிரியேசன்’ காட்டத் தவறியதை இடையரின் ஆட்டுக்கணக்கு காட்டிவிடுகின்றது.

இவ்வொப்புமையை அளவுக்கு மீறி நீட்டுதலும் தகாது. இறையிலி என்பதிலே விட்டுக்கொடுக்கப்படுவது பெரும்பாலும் அரசனுக்குரிய வரி. வக்பிலே விடப்படுவது ஒருவனுடைய சொந்த உடைமை. முன்னதற்குச் சாசனம் பொறித்து நிலைநிறுத்தும் அரசோ சபையோ வேண்டும். பின்னதற்கு உரியவனின் தெளிவான வாய்மொழியே போதும் என்பர் சட்ட அறிஞர். ஆகவே வக்பு என்ற சொல்லை அவ்வாறே வைத்துக்கொண்டு, அதன் பொருளை விளக்குதற்கு இப்பழஞ் சொற்களைத் துணைக்கொள்ளுதலே நேரிய வழியாகும்.

வாய்மொழி என்ற இவ்விடத்திலேதான் சொல்லாராய்ச்சி திருகோணமலை மாவட்டத்தின் மண்ணைத் தொடுகின்றது. இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் முதலாக, நிலம் கைமாறுதற்கு நொத்தாரிசு எழுதிய உறுதி வேண்டும். 1917ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டமும் அசையா ஆதனத்துக்கு அத்தகைய எழுத்தையே வேண்டுகின்றது. வக்பு ஒரு நம்பிக்கைப் பொறுப்பே என்று சொல்லிவிட்டால், உறுதி எங்கே என்ற கேள்வி உடன் எழுகின்றது. ஒரு மூதாட்டி பள்ளிவாசல் முற்றத்தில் நாலு பேர் அறியச் சொல்லிவிட்ட தென்னந்தோட்டத்துக்கு உறுதி இல்லை. உறுதி எழுதப்பட்ட இடங்களிலும் அது கையில் இருக்கும் என்பதற்கில்லை. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை கிண்ணியாவையும் மூதூரையும் தாக்கிற்று. 2006 ஆகத்தில் மூதூர் மக்கள் போரினால் ஊரோடு பெயர்ந்து கந்தளாய் முதலிய இடங்களுக்கு நடந்தனர். தமிழரும் முஸ்லிம்களும் ஆவணங்களை இழந்தது இம்மாவட்டத்தின் பொது அனுபவம். கோயிற் காணிகளுக்கும் இந்நிலை உண்டு. வக்பு என்பதை ஒரு செயலாகக் கொண்டால், அச்செயலுக்குச் சாட்சிகளும் நீண்டகாலப் பயன்பாடும் சான்றாகும். ஓர் ஆவணவகையாகக் கொண்டால், தாளோடு நிலமும் போகும்.

நீண்டகாலப் பயன்பாட்டினால் உறுதிப்படும் வக்பு என்ற கருத்தை இந்தியா 2025ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தினால் வருங்காலத்துக்கு நீக்கிவிட்டது. ஒருவர் வக்பு செய்ய ஐந்து ஆண்டுகள் இஸ்லாத்தைப் பின்பற்றியவராக இருத்தல் வேண்டும் என்ற அச்சட்டத்தின் நிபந்தனையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2025 செத்தெம்பர் 15இல் இடைக்காலமாக நிறுத்திவைத்தது. நிறுத்துதலைக் குறிக்கும் சொல்லைப் பற்றிய சட்டத்தை நீதிமன்றம் நிறுத்திவைத்தது ஒருபுறமிருக்க, அங்கு நிகழும் வாதம் இலங்கையிலும் கூர்ந்து நோக்கப்படவேண்டியதே.

திருகோணமலை மாவட்டத்துக்கே சிறப்பாக உரிய மற்றொரு சிக்கலும் உண்டு. கந்தளாய் போன்ற குடியேற்றத் திட்டப் பகுதிகளிலே பலர் கையிலுள்ள வயல், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரத்தினால் வழங்கப்பட்ட அரச காணி. உழுகின்றவன் அதற்கு முழு உடையவன் அல்லன். தன் விருப்பப்படி அதனைக் கைமாற்றவும் இயலாது. வக்பு செய்பவன் உடைமையாளனாக இருத்தல் வேண்டும் என்பது அறபுச் சட்டநூல்களின் விதி. எனவே அத்தகைய வயலைப் பள்ளிவாசலுக்கு விட்டேன் என்று ஒரு கமக்காரன் சொல்வானாயின், ஆங்கிலச் சட்டத்தின்படி அது ட்றஸ்டும் ஆகாது. ஷாபிஈச் சட்டத்தின்படி வக்பும் ஆகாது. அவனால் நிறுத்திவைக்கக்கூடியது அவ்வாண்டு விளைந்த நெல்லை மட்டுமே. ஒவ்வொரு போகத்திலும் சில மூடைகளைப் பள்ளிவாசலுக்கென்று தனியே அளந்து வைக்கும் அவனுடைய வழக்கத்துக்கு, ஹமில்ற்றனின் நூலிலும் 1956ஆம் ஆண்டுச் சட்டத்திலும் பெயரில்லை.